பாடப்புத்தகம் ஒன்று, பள்ளிக்கூடம் வேறு வேறு: பெற்றோர் செய்யக்கூடியது என்ன?

(திருவண்ணாமலையில் பெற்றோர்களுக்கான மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பௌர்ணமி இல்லை என்பதால்தான் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பௌர்ணமியாக இருந்திருந்தால் உங்களில் பாதிப்பேர் கிரிவலப் பாதையில் பூவும் தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளும் கூடவே நின்றிருப்பார்கள். அதைப்பற்றியும் பேசத்தான் போகிறேன். யாரும் அதற்குப் பயந்து எழுந்து போய்விடாதீர்கள்.

"பிள்ளைகள் படிப்புக்குப் பெற்றோர் எப்படி உதவுவது" என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தனி மேசை போடுங்கள், தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், வீட்டுப்பாடத்தைச் சரிபாருங்கள், ஆங்கிலச் செய்தித்தாள் வாங்கிப் போடுங்கள். கேட்க நன்றாக இருக்கும். ஒற்றை அறை வீட்டில், ஆறு பேர் படுக்கிற இடத்தில் மேசையை எங்கே போடுவது? பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை ஊர் திரும்புகிற தாய் எந்த ஒரு மணி நேரம் உட்காருவாள்? கைநாட்டு வைக்கிற தகப்பன் எந்த வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பார்? இந்த ஆலோசனைகள் எல்லாம் ஏற்கெனவே இரண்டு தலைமுறை படித்த வீட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்த வீட்டுக்கு ஆலோசனையே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

நான் முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தவள். அதற்கு முன்னால் காலனியில் பிறந்து, கைநாட்டுத் தாயிடம் வளர்ந்தவள். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் பேசுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம் மட்டும். மீதி நேரம் வீட்டில் அப்பன் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதற்குப் பெயர் வைத்தார், பெரும் எதிர்ப்பு எழுந்தது, 1954இல் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. இது எல்லாரும் மேடையில் சொல்கிற செய்திதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பெற்றோர்களுக்குப் பிள்ளைகளின் கல்வியில் அரசாங்கம் ஒரு முக்கியமான வேலையைக் கொடுத்தது என்றால் அது அந்தத் திட்டத்தில்தான். என்ன வேலை? வெட்டியான் மகனை வெட்டியானாக்குவது, வண்ணார் மகளை வண்ணாராக்குவது. "பெற்றோர் பங்கேற்பு" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இதுதான் ஞாபகம் வரும். எதில் பங்கேற்பு, யாருக்காகப் பங்கேற்பு என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

இப்போது பொதுப் பாடத்திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளை கையில் இருக்கிற புத்தகமும், வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் கையில் இருக்கிற புத்தகமும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டம். இது தானாக நடந்ததில்லை. தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பாடத்திட்டம் இருந்தது. நான்கு வகைப் புத்தகம், நான்கு வகைத் தேர்வு. ஏழைக்கு ஒன்று, பணம் கட்டுகிறவனுக்கு ஒன்று. 2006இல் முன்னாள் துணைவேந்தர் முத்துக்குமரன் தலைமையில் குழு போட்டார்கள். 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் தொடங்கினார்கள். "தரம் குறைந்துவிடும்" என்று தனியார் பள்ளி நிர்வாகங்கள் நீதிமன்றம் போயின. யாருடைய தரம் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் ஜூன் மாதம் சட்டத்தைத் திருத்தி நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். ஜூலை 18 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. ஆகஸ்ட் 9 அன்று உச்சநீதிமன்றமும் அதையே சொல்லி, பத்து நாளைக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்த இரண்டு மாதமும் ஒரு கோடிக்கு மேல் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் வந்தபோது சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் செய்த முதல் வேலை அதை நகத்தால் சுரண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது. அதைவிடப் பெரிய கற்றல் ஆர்வத்தை நான் வகுப்பில் பார்த்ததில்லை.

ஆக, ஒரே பாடத்திட்டம் என்பது போராடி வாங்கியது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் முத்துக்குமரன் குழு சொன்னது பாடத்திட்டத்தை மட்டும் அல்ல. அதற்கும் முன்னால் 1964-66 கோத்தாரி கமிஷன் சொன்னது பொதுப் பள்ளி, அருகமைப் பள்ளி. அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லாரும், கலெக்டர் மகனும் கூலிக்காரர் மகளும், பக்கத்தில் இருக்கிற ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது. அதைச் செய்யவில்லை. புத்தகத்தைப் பொதுவாக்கினார்கள், பெஞ்சைப் பொதுவாக்கவில்லை.

விளைவு என்ன? காலையில் எட்டு மணிக்கு வேன் வந்து ஊர்த்தெருப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருப்பது நம் பிள்ளைகள். பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று இருக்கும், உள்ளே போனால் அது காலனிப் பள்ளிக்கூடம். இதுபோக அரசாங்கமே தனியாக நடத்துகிற ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தமிழ்நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பள்ளிக்குள் சேர்க்க மறுத்த காலத்தில் நம்மவர்களுக்கென்று திறந்த பள்ளிகளின் தொடர்ச்சி அவை. அன்றைக்கு அது தேவை. இன்றைக்கும் அதே பெயர்ப்பலகையைப் பிள்ளையின் முதுகில் ஏன் ஒட்ட வேண்டும்? எல்லா நலப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்போம் என்று 2023 பட்ஜெட்டில் சொன்னார்கள். நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கிற சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும், பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், கையில் சாதிக்கயிறு கட்டி வரக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நலப் பள்ளிகளை இணைத்தால் நிலமும் நிதியும் நம் கையைவிட்டுப் போகுமே என்று நம் பக்கத்திலேயே தோழர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதைத் தனியாகப் பேசுவோம்.

இதற்கு நடுவில் பெற்றோர் என்ன செய்வது? தெற்கே திருவிதாங்கூரில் நூறு வருடத்துக்கு முன்னால் அய்யன்காளி என்று ஒருவர் இருந்தார். புலையர் சமூகம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊரூட்டம்பலம் என்கிற ஊரில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்தார். சாதி இந்துக்கள் அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். 2022இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியிருக்கிறது கேரள அரசு. இன்னொன்றும் செய்தார்கள் அந்த மக்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். நடவு நின்றது, களை எடுப்பு நின்றது. பட்டினி கிடந்தார்கள், மீன்பிடிக்கிறவர்களோடு கடலுக்குப் போய் வயிறு வளர்த்தார்கள், இறங்கவில்லை. அந்தத் தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் அ, ஆ தெரியாது. பிள்ளைகள் படிப்புக்குப் பெற்றோர் செய்த உதவி என்றால் இந்த நாட்டில் அதைவிடப் பெரியதை நான் படித்ததில்லை. ஆகவே, "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் என்ன செய்ய முடியும்" என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம்.

என் அம்மா சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொல்வார். நான் தடுக்கினால், "இன்னாடி, கல்லு தடுக்குன மாதிரி போற, திரும்பப் படி" என்பார். அவருக்கு எப்படித் தெரியும்? எழுத்துத் தெரியாதவர்தான், ஆனால் காது இருக்கிறதே. ஒரு பிள்ளை தடுக்கித் தடுக்கிப் படிக்கிறதா, தண்ணீர் ஓடுவதுபோல் படிக்கிறதா என்று கேட்டுச் சொல்ல யாருக்கும் பட்டம் வேண்டாம். படித்து முடித்ததும் அடுத்த கேள்வி: "இப்ப படிச்சியே, அது இன்னா கதை? எனக்குச் சொல்லு." நான் சொல்வேன். புரியவில்லை என்றால் "எனக்கு வெளங்கல" என்பார். அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல நான் மறுபடி புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பிறகு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோதுதான், வாய்விட்டுப் படிப்பதும் படித்ததைத் தன் சொல்லில் திரும்பச் சொல்வதும் பிள்ளை படிக்கக் கற்கிற வழிகள் என்று பாடமாகவே வைத்திருந்ததைப் பார்த்தேன். அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை.

ஆகவே தினமும் பத்து நிமிடம். பூ கட்டிக்கொண்டே கேளுங்கள், பீடி சுற்றிக்கொண்டே கேளுங்கள். பெங்களூரில் இருக்கிறவர்கள் போனில் கேளுங்கள். "சாப்பிட்டியா" என்பதோடு போனை வைத்துவிடாமல், "இன்னைக்கு டீச்சர் சொன்ன ஒரு விஷயத்தை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள். மார்க் எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லும், அதில் பொய்யும் இருக்கலாம். என்ன படித்தாய் என்று கேட்டால் பொய் சொல்லக்கூடக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

பிள்ளை நம் பேச்சு மொழியில் சொல்லட்டும். "இஸ்துகினு போனான்" என்று சொன்னால் அதைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். புத்தகத் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு என்பது எல்லா வீட்டுக்கும் பொது. ஆனால் வகுப்பில் ஒரு வீட்டுத் தமிழுக்கு மட்டும் "காலனி பாஷை" என்று பெயர் வரும். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாய் மூடிய பிள்ளையைப் பார்த்து "மக்கு, ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதிவிடுவார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. கிரிவலப் பாதையில் பூ விற்கிற பத்து வயதுப் பெண்ணிடம் மூன்று முழம் வாங்கிக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் பாருங்கள். மீதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொடுப்பாள். அதே பெண்ணுக்கு அதே கழித்தலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் விழிப்பாள். இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வேறு சிலரும் சேர்ந்து கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலைசெய்யும் பிள்ளைகளைச் சோதித்து, 2025இல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனதிலேயே போடுகிறார்கள், பள்ளிக்கூடக் கணக்கில் திணறுகிறார்கள். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளோ ஏட்டுக் கணக்கில் தேறுகிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பாலம் விழுவதில்லை. அந்தப் பாலத்தைப் போடுவது பள்ளிக்கூடத்தின் வேலை. ஆனால் நீங்களும் ஒரு பலகை போடலாம். அன்றைக்கு விற்ற கணக்கை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை முழம், முழம் என்ன விலை, மொத்தம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. பள்ளியில் போடுகிற மாதிரியே கோடு போட்டு எழுதட்டும். மூன்றாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை மூன்று இலக்க எண்களைக் கூட்டிக் கழிக்க வேண்டும் என்பது 2017இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கற்றல் விளைவுகளில் எழுதியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பாதி தெரியும், எழுதத்தான் தெரியவில்லை.

வேலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதைப் பற்றிச் சொன்னேன். வருடத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி. இரவு முழுவதும் விழித்த பிள்ளை மறுநாளும் வராது, ஆக இருபத்துநாலு நாள். கார்த்திகை தீபம் பத்து நாள். ஞாயிறு, விடுமுறை எல்லாம் கழித்தாலும் இருபத்தைந்து நாளுக்குக் குறையாமல் போகும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குச் சட்டப்படி வருடத்துக்கு 200 வேலை நாள். எட்டில் ஒரு பங்கு மலையைச் சுற்றியே போய்விடுகிறது. வயிற்றுப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சோறு போடாமல் அதைச் சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. பத்து மணிக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாட்டி வைத்துக்கொள்ளட்டும். வராத நாளில் நடந்த பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அன்றைக்கே கேட்டு எழுத வையுங்கள். அந்த ஒரு நாள் பாடம் விட்டுப்போனால் அடுத்த வாரப் பாடம் புரியாது, புரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கசக்கும், கசந்த பிள்ளை பௌர்ணமி இல்லாத நாளிலும் நின்றுவிடும். ஆறாவதில், ஏழாவதில் நின்ற பிள்ளைகளை நான் இப்படித்தான் இழந்தேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குள் போவோம். 2022 முதல் "எண்ணும் எழுத்தும்" என்று ஒரு திட்டம் நடக்கிறது. சிறு வகுப்புகளில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது. யோசனையும் தப்பில்லை, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்துதானே தொடங்க வேண்டும். ஆனால் அரும்பு என்றால் மொட்டாகி மலராக வேண்டும். வருடக்கணக்கில் அரும்பாகவே இருந்தால் அது செடியின் குற்றமா, தண்ணீர் ஊற்றுகிறவர் குற்றமா? நீங்கள் போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள்? ஜூன் மாதம் எங்கே இருந்தாள், இப்போது எங்கே இருக்கிறாள்?" இதைக் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதும், பெற்றோரை அடிக்கடி கூட்டிப் பிள்ளையின் வருகை, முன்னேற்றம் பற்றிச் சொல்வதும் ஆசிரியரின் கடமை என்று அதில் இருக்கிறது. அவர் உங்களுக்குச் செய்கிற உபகாரம் அல்ல.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பயம். தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியை நானே காலனிக்காரி என்று தெரிந்தும் நிற்பார்கள். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார்கள். தனியாகப் போனால் அப்படித்தான் ஆகும். நான்கு பேராகப் போங்கள், நான்கு பேரில் இரண்டு பேராவது தாய்மாராக இருக்கட்டும். நல்ல ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்களைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். பெற்றோர் வந்து கேட்காத பள்ளியில் நல்ல ஆசிரியருக்கும் கை தளர்ந்துபோகும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். சரி, ஏழு பேர். இந்த ஏழு பேரில் மூன்று பேர் உறுப்பினர் என்று நினைக்கிறேன். சட்டம் 21ஆம் பிரிவு: குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும், வந்த மானியம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று பார்க்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார்கள். போடாதீர்கள். "படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதது வெட்கம் இல்லை, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதுதான் வெட்கம். பள்ளி தீர்த்துவைக்காத விஷயத்தைக் கிராமசபைக்குக் கொண்டுபோங்கள். வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, கணக்குக்கு ஆசிரியர் இல்லை என்று தீர்மானமாக எழுத வையுங்கள்.

கழிப்பறை என்றதும் இன்னொன்று. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்தி வந்தது. தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அது எப்படி வெளியே வந்தது? காய்ச்சலில் விழுந்த மகனிடம் ஒரு தாய் கேள்வி கேட்டதால் வந்தது. அவ்வளவுதான். ஆகவே சாயங்காலம் பாடத்தோடு இதையும் கேளுங்கள்: எந்த வரிசையில் உட்கார்ந்தாய், பக்கத்தில் யார், தண்ணீர் எதில் குடித்தாய், பெருக்கச் சொன்னார்களா, யார் யாரைச் சொன்னார்கள்? போலீஸ் விசாரணை மாதிரிக் கேட்காமல் சிரித்துக்கொண்டே கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து வகுப்பைப் பெருக்கினால் அது பழக்கம். நம் பிள்ளைகள் மட்டும் பெருக்கினால் அது சாதி. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். இழிவு செய்யப்பட்ட பிள்ளை அன்றைக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொள்ளாது, எந்தப் பொதுப் பாடத்திட்டம் இருந்தாலும்.

இந்தக் கூட்டத்தில் ஊர்த்தெருவிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் காலை உணவை ஒரு தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். அந்தப் பெற்றோரும் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாததை. அதே ஆண்டு ஜனவரி 30 அன்று நம் மாவட்டத்தில் தென்முடியனூரில் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அறநிலையத்துறைக் கோயில் அது. பெரியவர்கள் வெளியே நின்று கோபப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, சாயங்காலம் எங்கள் தெருவில் நடக்கிற இல்லம் தேடிக் கல்வி வகுப்புக்கு அவர்களை அனுப்புவது. தன்னார்வலர் காலனிப் பெண் என்பதால் அனுப்பாதவர்கள் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நேரமாகிறது. பிள்ளையை அடிக்காதீர்கள். பள்ளியில் அடிப்பது 17ஆம் பிரிவில் குற்றம், வீட்டில் மட்டும் அது படிப்பாகிவிடுமா? "நல்லா அடிச்சுப் படிக்க வையுங்க டீச்சர்" என்று அனுமதி கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்த அனுமதி யார் பிள்ளைமேல் முதலில் விழும் என்று உங்களுக்கே தெரியும். டியூஷன் பற்றி: தன் வகுப்புப் பிள்ளைக்கே ஆசிரியர் காசு வாங்கி டியூஷன் எடுப்பது சட்டப்படி தப்பு. கடன் வாங்கி மெட்ரிக் பள்ளிக்கு மாற்றப்போகிறவர்கள், மாற்றுமுன் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். புத்தகம் அதே பாடத்திட்டம். நீங்கள் பணம் கட்டுவது வேனுக்கும் டைக்கும், ஆங்கில வழி என்ற பெயருக்கும். இரண்டு வருடத்தில் பணம் கட்ட முடியாமல் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்தாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், ஒன்றாம் வகுப்பிலேயே மனுவைத் தொடங்குங்கள், கூட நாங்கள் வருகிறோம்.

இடம் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். அம்பேத்கர் பம்பாயில் பரேலில் படித்ததும் ஒற்றை அறையில்தான். அப்பா ராம்ஜி இரவில் விழித்திருந்து விடியற்காலை இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுத் தான் படுப்பாராம். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்திருக்கிறார். ராம்ஜி படித்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஆனால் இந்த இரண்டு காரியத்துக்கும் அந்தப் படிப்பு தேவைப்படவில்லை. நமக்கு இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இதோ நாம் உட்கார்ந்திருக்கிற இந்தச் சமுதாயக் கூடம் கல்யாணம் காதுகுத்து இல்லாத நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. லைட் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை திறந்துவைத்தால் இரண்டு தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன். கல்லூரி போகிற மூன்று பிள்ளைகள் முறை வைத்து வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களில் தினம் ஒருவர் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன், எந்தக் கிழமை வர முடியும் என்று பெயர் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பெயரை உங்கள் பிள்ளைகளே எழுதட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்னால் நிற்கிற அக்கா ரொம்ப நேரமாக ஏதோ கேட்க வந்தார், அவர் முதலில் கேட்கட்டும்.